உங்கள் ட்ரைசெராடோப்ஸின் பின்னங்காலைப் பாருங்கள்

மாணவர்களே, வீட்டில் ட்ரைசெராடோப்ஸ் பொம்மை ஒன்று இருந்தால் அதை எடுத்து வாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் தம்பியுடையதை இரவல் வாங்குங்கள். பழைய பெட்டியில் கிடக்கும் பொம்மையாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் மூன்று கொம்புகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை விரல்கள் இருக்கின்றன?

உண்மையான ட்ரைசெராடோப்ஸின் பின்னங்காலில் நான்கு விரல்கள் உண்டு. முன்னங்காலில் ஐந்து. ஆனால் அந்த ஐந்தில் உட்பக்கமுள்ள மூன்றில்தான் குளம்பு போன்ற நகம் இருந்தது. நான் படிவம் ஒன்றில் படித்தபோது பசார் மாலாமில் வாங்கிய ட்ரைசெராடோப்ஸ் இன்னும் என் மேசையில் நிற்கிறது. அதன் நான்கு கால்களும் யானையின் கால்களைப் போல உருண்டை. விரல் என்று சொல்ல வரிசையாகச் சில கோடுகள் மட்டும்.

மலிவுப் பொம்மைதானே என்று சிரித்துவிட வேண்டாம். உலகப் புகழ்பெற்ற ஓர் அருங்காட்சியகத்தில், உண்மை எலும்புகளால் கட்டிய ட்ரைசெராடோப்ஸே 90 ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறான பின்னங்கால்களோடு நின்றது.

அந்தக் கதை 1887இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு அருகே ஒரு ஜோடிப் பெரிய கொம்புகள் கிடைத்தன. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒத்னியல் சார்ல்ஸ் மார்ஷ் அவற்றை ஆராய்ந்து, இவை ஏதோ ஒரு ராட்சதக் காட்டெருமையின் கொம்புகள் என்று முடிவு செய்து பெயரும் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொம்புள்ள டைனோசர் என்று ஒன்று இருந்ததே அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

அடுத்த ஆண்டு வயோமிங் மாநிலத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. மாடு மேய்க்கும் ஒருவர் ஓடைச் சரிவில் பெரிய மண்டையோடு ஒன்றைக் கண்டு, கொம்பில் கயிறு போட்டு இழுத்திருக்கிறார். கொம்பு உடைந்து கையோடு வந்துவிட்டது. மார்ஷின் களப்பணியாளர் ஜான் பெல் ஹாட்சர் அந்த இடத்தைத் தேடிச் சென்று மீதியைத் தோண்டி எடுத்தார். மூக்கில் ஒன்று, கண்களுக்கு மேல் இரண்டு, தலைக்குப் பின்னால் விசிறி போல் விரிந்த எலும்புத் தகடு. இது எருமை இல்லை! 1889இல் மார்ஷ் அதற்கு ட்ரைசெராடோப்ஸ் என்று பெயரிட்டார். ‘மூன்று கொம்பு முகம்’ என்பது அதன் பொருள்.

ஹாட்சர் அடுத்த சில ஆண்டுகளில் 30க்கும் மேற்பட்ட கொம்பு டைனோசர் மண்டையோடுகளைத் தோண்டி எடுத்தார். தலைகள் குவிந்தன, முழு உடல்தான் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அந்த மண்டையோடு தடித்த, கனமான எலும்பு. ஆற்று மணலில் புதைந்தால் அப்படியே கிடக்கும். கால் விரல்களோ சிறு துண்டுகள். வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், பிற விலங்குகள் கவ்விக்கொண்டு போகும்.

ஆகவே 1905இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் உலகிலேயே முதன்முறையாக ஒரு ட்ரைசெராடோப்ஸ் எலும்புக்கூட்டை நிறுத்தியபோது, அது ஒரே விலங்கினுடையதாக இல்லை. பத்துக்கும் மேற்பட்ட விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலை உடலுக்குச் சற்றுச் சிறியது. முன்னங்கால் எலும்புகளில் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. பின்பாதங்கள் கிடைக்காததால் வாத்து போன்ற அலகுடைய வேறொரு டைனோசரின் பாதங்களை மாட்டினார்கள். அதற்கு மூன்று விரல்கள்தான். பல தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்த்து வியந்து சென்றார்கள். ஓவியர்களும் பொம்மை வடிப்பவர்களும் இப்படிப்பட்ட எலும்புக்கூடுகளைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள்.

1990களின் இறுதியில் அந்தப் பழைய எலும்புகள் சிதையத் தொடங்கின. எலும்புக்கூட்டைப் பிரித்து, ஒவ்வோர் எலும்பையும் கணினியில் பதிவு செய்தார்கள். இனி நம் கதை சூடுபிடிக்கிறது. ஒரு முழு எலும்புக்கூட்டின் ஒவ்வொரு மூட்டையும் வளைத்துப் பார்ப்பது நடக்கிற காரியமா? தொடை எலும்பைத் தூக்கவே பலர் வேண்டும். அதனால் கணினிப் பதிவிலிருந்து சிறிய அளவில் ஒரு மாதிரி எலும்புக்கூட்டைச் செய்தார்கள். அதைக் கையில் வைத்துத் திருப்பி, வளைத்து, முன்னங்கால் எந்தக் கோணத்தில் பொருந்துகிறது என்று சோதித்தார்கள். நீங்கள் பொம்மையை வைத்துச் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். 2001இல் திருத்திய உருவம் காட்சிக்கு வந்தது. தலையைக் கணினியில் 15 விழுக்காடு பெரிதாக்கினார்கள். பின்பாதங்களை மாற்றினார்கள். ‘ஹாட்சர்’ என்று பெயரும் வைத்தார்கள். பாவம், 2019 முதல் அதே ஹாட்சர் டி-ரெக்ஸின் காலடியில் இரையாகக் கிடக்கிறது. அங்குள்ள புதிய காட்சி அப்படி.

ஒரு டைனோசர் உருவம் என்பது, அது செய்யப்பட்ட ஆண்டில் மனிதர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதன் பதிவு. நல்ல நிறுவனங்கள் உருவத்தின் வயிற்றிலோ பாதத்திலோ பெயரையும் ஆண்டையும் பொறித்திருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். 1970களில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக இன்விக்டா நிறுவனம் ஒரே நிறத்தில் செய்த உருவங்கள் இன்றும் சேகரிப்பாளர்களுக்குப் பொக்கிஷம். 1988இலிருந்து 2015 வரை அமெரிக்காவில் சஃபாரி நிறுவனமும் கார்னகி அருங்காட்சியகமும் சேர்ந்து ஒரு வரிசையை வெளியிட்டன. பழைய உருவங்களில் வால் தரையில் இழுபடும், முன்னங்கால்கள் பல்லியைப் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். புதியவற்றில் வால் தரையைத் தொடாது, கால்கள் உடலுக்கு அடியில் நிற்கும்.

கொம்பையும் கவனியுங்கள். புதைபடிவத்தில் நாம் காண்பது உள்ளே இருந்த எலும்பு மட்டுமே. மாட்டுக் கொம்பைப் போல அதன் மேல் கெரட்டின் உறை இருந்தது. நம் நகமும் கெரட்டின்தான். உயிருள்ள விலங்கின் கொம்பு, அருங்காட்சியகத்தில் இருப்பதைவிட நீளமாக இருந்திருக்கும். குட்டியின் கொம்போ வேறு மாதிரி. முதலில் சிறு முளை, பிறகு பின்னோக்கி வளையும், முழு வளர்ச்சியில் முன்னோக்கித் திரும்பும். பெரிய உருவத்தை அப்படியே சுருக்கி ‘குட்டி’ என்று விற்றால், அது குட்டியே ஆகாது.

சரி, அந்தக் கொம்புகள் எதற்கு? எதிரியை விரட்டவா, தங்களுக்குள் சண்டை போடவா? எலும்பு வாய் திறந்து சொல்லாது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆண்ட்ரூ ஃபார்க் 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வேடிக்கையான வழியைக் கையாண்டார். இரண்டு சிறிய மாதிரி மண்டையோடுகளை எடுத்து, நேருக்கு நேர் மோதவிட்டார்! கொம்புகள் எந்தெந்த விதங்களில் பூட்டிக்கொள்ள முடியும் என்று பார்த்ததில் மூன்று நிலைகள் கிடைத்தன. அந்த நிலைகளில் சண்டை நடந்திருந்தால் எதிராளியின் தலையில் எங்கே காயம் பட்டிருக்கும் என்பதையும் கணிக்க முடிந்தது. பிறகு அவரும் அவருடைய குழுவினரும் உண்மை மண்டையோடுகளில் காயத் தழும்புகளைத் தேடினார்கள். 2009இல் முடிவு வந்தது. எலும்பு விசிறியின் பக்கவாட்டு எலும்பில், ட்ரைசெராடோப்ஸுக்கு அதன் உறவுக்கார டைனோசரான சென்ட்ரோசாரஸைவிட அதிகக் காயங்கள் இருந்தன. சென்ட்ரோசாரஸுக்குக் கண்மேல் நீண்ட கொம்புகள் கிடையாது. ட்ரைசெராடோப்ஸ் கொம்பு பூட்டிச் சண்டையிட்டது என்பதற்கு இது நல்ல சான்று.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று உண்டு. சிட்டகோசாரஸ் என்பது கொம்பு டைனோசர்களின் ஆதி உறவு. ட்ரைசெராடோப்ஸுக்கு 5 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. கிளி போன்ற அலகு, கன்னத்தில் கூர்முனை, நாய் அளவு உடல். சீனாவில் கிடைத்து, இப்போது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிட்டகோசாரஸில் தோலும், தோலின் நிறப்பொருளும் தங்கியிருந்தன. முதுகு கருமை, வயிறு வெளிர்.

சந்தையில் கெம்போங் மீன் பார்த்திருப்பீர்கள். அதற்கும் மேலே கருமை, அடியில் வெள்ளி. வெளிச்சம் மேலிருந்து விழும்போது எந்த உடலுக்கும் வயிற்றுப் பக்கம் நிழல் விழும். வயிறு வெளிறியிருந்தால் அந்த நிழல் மறைந்து, உடல் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். ஒளிந்துகொள்ள இயற்கை கண்ட வழி இது. திறந்த வெளியில் நிழல் உடலின் மேற்பகுதியிலேயே, வெட்டினாற்போல் தொடங்கும். மரநிழலில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் அது கீழே, மெல்ல மெல்லத் தொடங்கும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் விந்தரும் குழுவினரும் ஓவியர் ராபர்ட் நிக்கல்ஸிடம் அந்த விலங்கை உண்மை அளவில் வடிக்கச் சொன்னார்கள். அதே உருவத்தில் இன்னொன்றுக்குச் சாம்பல் நிறம் மட்டும் பூசி, பிரிஸ்டலின் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு போனார்கள். வெயிலில் வைத்துப் படம் எடுத்தார்கள், மரத்தடியில் வைத்தும் எடுத்தார்கள். சாம்பல் உடலில் நிழல் எங்கே விழுகிறது என்பதைப் புதைபடிவத்தின் நிறத்தோடு ஒப்பிட்டார்கள். மரநிழல் படங்கள்தான் பொருந்தின. அந்த விலங்கு அடர்ந்த காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2016இல் அறிவித்தார்கள். எப்போதோ அழிந்துபோன ஒரு விலங்கின் வீட்டைச் சாயம் பூசிய ஒரு பொம்மை காட்டிக்கொடுத்தது!

இன்னும் தீராத வழக்கும் உண்டு. உங்கள் அலமாரியில் ட்ரைசெராடோப்ஸும் டோரோசாரஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். டோரோசாரஸின் எலும்பு விசிறி நீளமானது, இரண்டு பெரிய ஓட்டைகள் கொண்டது. 2010இல் ஜான் ஸ்கேனெல்லாவும் ஜாக் ஹார்னரும், டோரோசாரஸ் என்பது முழுதாக முதிர்ந்த ட்ரைசெராடோப்ஸ்தான் என்றார்கள். ட்ரைசெராடோப்ஸ் என்று ஒன்றே இல்லையாம் என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டு வருத்தப்பட்டார்கள். உண்மையில் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி. ட்ரைசெராடோப்ஸ் 1889, டோரோசாரஸ் 1891. 2012இல் வேறு ஆய்வாளர்கள் இளம் டோரோசாரஸும் இருப்பதாகக் காட்டி மறுத்தார்கள். இரண்டும் வேறு வேறு என்பது என் ஊகம். ஆனாலும் இரண்டு உருவங்களையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறேன்.

சேகரிக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடைத் தொகுப்புகளில் எல்லா டைனோசர்களும் ஒரே அளவில் இருக்கும். 40இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 9 மீட்டர் ட்ரைசெராடோப்ஸ் 22.5 சென்டிமீட்டர். 2 மீட்டர் புரோட்டோசெராடோப்ஸ் 5 சென்டிமீட்டர்தான். 1.6 மீட்டர் உயரமுள்ள நீங்கள் 4 சென்டிமீட்டர். அட்டையில் அந்த அளவுக்கு ஓர் ஆளை வெட்டிப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இன்னொன்று, நம் ஊர் வெப்பத்தில் மென்பிளாஸ்டிக் உருவங்கள் நாளடைவில் பிசுபிசுக்கும். நேர் வெயில் படாமல் வைத்து, மென்மையான சவர்க்கார நீரில் கழுவினால் போதும்.

நம் வட்டாரத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. தாய்லாந்தில் கிடைத்த ஒரு கீழ்த்தாடைக்கு 1992இல் சிட்டகோசாரஸ் வகை என்று பெயரிட்டார்கள். அது சரிதானா என்று இன்னும் வாதம் நடக்கிறது. பகாங்கில் கிடைத்த டைனோசர் பற்களை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அறிவித்தார்கள். ஒன்று மீன் தின்னும் ஸ்பைனோசார் வகையின் பல். மற்றொன்று தாவரம் தின்னும் ஆர்னிதிஷியன் பிரிவின் பல். கொம்பு டைனோசர்களும் அந்தப் பெரும் பிரிவுக்குள்தான் வருகின்றன. ஆனால் ஒரு பல்லைக் கொண்டு முழு விலங்கை வடிக்க முடியாது. அந்த விலங்குக்காக என் அலமாரியில் ஓர் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.