சாத்தம்: மரம் அறுக்கும் தீவு

ஈரானின் இஸ்ஃபஹான் நகருக்குப் போகிறவர்கள் மசூதியும் மாளிகையும் தோட்டமும் பார்க்கிறார்கள். அந்தமானின் சாத்தத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பது ஒரு மர அறுவை ஆலையை. சுற்றுலாத்தலமா அது என்று முகம் சுளிக்க வேண்டாம்.

போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியிலிருந்து பாலத்தைக் கடந்தால் சாத்தம். ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இல் முதல் குடியிருப்பை அமைத்தது இந்தச் சிறு தீவில்தான். 1883இல் தொடங்கிய ஆலையை இன்றும் வனத்துறை நடத்துகிறது. அந்தமானுக்கே உரிய படாக் மரம் இங்கே பலகையாகிறது. வைரம் பாய்ந்த அதன் உட்பகுதி செக்கச்செவேல் என்றிருக்கும். அடிமரத்திலிருந்து சுவர்போல் விரியும் பலகை வேர்களை அறுத்தால் ஒட்டுப்போடாத ஒரே பலகையில் பெரிய மேசை செய்யலாம்! வளாகத்திலுள்ள வன அருங்காட்சியகத்தில் மரச் சிற்பங்களையும் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போரில், 1942 மார்ச்சில், ஜப்பானிய விமானங்கள் ஆலைமீது குண்டு வீசின. குண்டு விழுந்த பள்ளத்தை மூடாமல் வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு வெறும் குழிதான். ஆனால், ஆலையின் வரலாற்றை அறிந்து பார்த்தால் சட்டென நகர மனம் வராது.

பலர் போர்ட் பிளேரின் செல்லுலார் சிறையைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். சாத்தத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். விடுமுறை நாளா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.