அறுகோணத் துணியும் இடுக்குப் புள்ளியும்

புரட்டாசி மாதத்தில் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் செல்பவர்கள் ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்துக்கொள்வது உத்தமம். ஒரு வயலில் நாற்றின் இளம் பச்சை. அடுத்ததில் நடவுக்குக் காத்திருக்கும் தண்ணீரில் வானத்தின் சாயல். அதற்கும் அப்பால் உழுது போட்ட கருஞ்சேறு. இவை அனைத்தையும் வரப்புகள் ஒரே துணியாகத் தைத்து வைத்திருக்கின்றன. மகத நாட்டு வயல்களை இப்படிக் கண்ட புத்தர், பிக்ஷுக்களின் ஆடையையும் இவ்விதமே துண்டுகளாக இணைத்து அமைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகம் கூறுகிறது. ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை நிவந்தமாக அளித்த சூடாமணி விஹாரம் நாகப்பட்டினத்திலே விளங்கிய நாட்களில், அத்தகைய ஆடை நம் காவிரி நாட்டு வீதிகளிலும் காணப்பட்டிருக்க வேண்டும். ஆகவே, ஒட்டுத் துணியை ஏழ்மையின் சின்னமென்று எண்ணி நாணுவதற்கு நியாயமில்லை.

இவ்வளவு பேசுகிற நாம் ஊசியைக் கையில் எடுத்தது மிகவும் பிற்காலத்தில்தான். காலஞ்சென்ற நம் தாயாரின் நூல் புடவைகள் ஏழு, பெட்டியிலே கிடந்தன. உடுத்துவதற்கு ஆளில்லை, பிறருக்குக் கொடுக்கவோ மனமில்லை. தங்கையின் மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறதென்ற செய்தி வந்ததும், அப்புடவைகளைக் கொண்டு ஒரு சிறு போர்வை தைத்துவிடுவதென்று தீர்மானித்தோம். ஆனால் ஒரு சங்கடம்: கத்தரி பட்ட புடவை மீண்டும் புடவையாகாது.

துண்டுத் துணி வேலை நம் ஜில்லாவுக்குப் புதிதன்று. தேர்த் திருவிழாக்களில் தேரைச் சுற்றித் தொங்குகின்ற தொம்பைகளையும், விதானமாகக் கட்டும் அஸ்மானகிரியையும் பாராதவர் யார்? சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான துணிகளை யாளியாகவும் தாமரையாகவும் வெட்டி, மற்றொரு துணியின்மேல் வைத்துத் தைக்கும் அந்தக் கலை தஞ்சைக்குரியது. ஆனால் அது மேலே ஒட்டுகிற வேலை. துண்டோடு துண்டை விளிம்பில் இணைத்து, அந்தத் துண்டுகளாலேயே துணியை ஆக்குவது வேறு வேலை. அதில் ஓர் அழகிய முறை, காகிதத்தை உள்ளே வைத்துத் தைக்கும் அறுகோண முறை.

இங்கிலாந்தில் இது பழமையான வழக்கம். காகித அச்சுகளைக்கொண்டு பட்டுத் துண்டுகளை இணைத்த, 1718 என்று ஆண்டு பொறித்த போர்வையொன்று அந்நாட்டில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதே காலத்தில் நம் சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளுக்கு அங்கே எவ்வளவு மோகம் இருந்ததென்றால், உள்நாட்டு நெசவைக் காப்பதற்காக 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்துவதையே சட்டத்தினால் தடுத்தார்கள். 1774 வரையில் அந்தத் தடை நீங்கவில்லை. நம் துணியை அவர்கள் அவ்வளவு போற்றியிருக்க, அவர்களுடைய தையலை நாம் கற்றுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

முறையைக் கூறுவோம். கவராயத்தினால் 1 அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பிலே ஆறு முறை குறித்து, புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால், பக்கம் 1 அங்குலமுள்ள அறுகோணம் கிடைக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டிக் காகிதம் இதற்கு ஏற்றது. துணியை முன்னதாகவே துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். காகிதத்தைத் துணியின் உட்புறத்தில் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் மிகுதியாக விட்டு வெட்டுங்கள். மிகுதியைக் காகிதத்தின்மேல் மடித்து, பெரிய தையலாக இழையோட்டுங்கள். இவ்வாறு ஆயத்தமான இரு துண்டுகளின் நல்ல முகங்களை ஒன்றோடொன்று சேர்த்து, மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பற்றி, நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி காகிதத்தைத் துளைக்கலாகாது. ஒரு துண்டின் ஆறு பக்கங்களும் அண்டைத் துண்டுகளோடு சேர்ந்த பிறகே அதன் காகிதத்தை உருவலாம்.

எளிதாகத்தானே தோன்றுகிறது? நாமும் அப்படித்தான் எண்ணினோம். தாயாரின் புடவையைத் தொடத் துணிவின்றி, பழைய வேஷ்டியொன்றில் தொடங்கினோம். ஒரு காகிதத்தை வெட்டி, அதை வைத்து அடுத்ததை வரைந்தோம். அடுத்ததை வைத்து மற்றொன்றை. பென்சில் கோட்டின் பருமன் ஒவ்வொரு தடவையும் கூடியது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு இதழ்களை நடுத்துண்டைச் சுற்றித் தைத்து முடித்தபோது, பூவானது தரையில் படியாமல் கிண்ணம்போல் எழும்பி நின்றது! மூன்று முறை பிரித்தோம். மூன்று முறையும் கிண்ணமே. ஒரு மாத காலம் இவ்விதம் கழிந்தது.

அச்சமயம் எண்பது வயதான நம் அத்தை வந்திருந்தார். கிண்ணத்தைக் கையிலே வாங்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது? மூன்று புள்ளி, இரண்டில் நிறுத்தும் இடுக்குப் புள்ளிதானே! இதற்கா இத்தனை திண்டாட்டம்?"

"அத்தை, கோலம் வேறு, தையல் வேறு அல்லவா?"

"வேறென்ன? புள்ளி சரியாக விழாவிட்டால் கோலம் கோணும். உன் காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்."

அடுக்கினோம். ஏழும் ஏழு அளவு! அன்றைக்கே ஒரு தகட்டில் மூல அச்சு வெட்டிக்கொண்டு, எல்லாக் காகிதங்களையும் அது ஒன்றிலிருந்தே வரைந்தோம். பூ தரையோடு தரையாகப் படிந்தது.

அத்தை கூறியது கணக்கிலும் பிசகாத உண்மை. இரண்டு, மூன்று, இரண்டு என்று புள்ளி வைத்தால் 7. ஒரு சுற்றுப் பூவுக்கு வேண்டிய துண்டுகளும் 7. ஐந்து புள்ளி, மூன்றில் நிறுத்தினால் 19. இரண்டு சுற்றுப் பூவுக்கும் 19. ஏழு புள்ளி, நான்கில் நிறுத்தினால் 37. மூன்று சுற்றுக்கும் அதுவே. மார்கழி மாதத்து விடியலில் நம் பெண்கள் பிழையின்றிச் செய்துவரும் கணக்கை, நாம் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தோம்!

36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் உள்ள குழந்தைப் போர்வைக்கு இவ்வளவில் சுமார் 620 துண்டுகள் தேவை. இரவுக்கு நான்கு வீதம் சேர்த்தால் ஐந்து மாதத்துக்குச் சற்று அதிகம். நம் ஊர் வெப்பத்துக்குப் பஞ்சு வேண்டியதில்லை. பழைய வேஷ்டியை உள்ளே வைத்து, அடித்துணி சேர்த்து, நேர்த்தையல் ஓட்டினால் போதும்.

பொறுமை எங்கிருந்து வருமென்று கேட்பவர்களுக்கு ஒன்று கூறுவோம். 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, சாங்கி சிறையில் அடைபட்ட சிறுமியர் சிலர், ஆடைகளின் கிழிசல்களைச் சேகரித்து அறுகோணங்களாக வெட்டி, தங்கள் சாரணியர் தலைவிக்கு ரகசியமாக ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார்கள். நூலுக்கே பஞ்சம், பழந்துணிகளிலிருந்து இழையை உருவித் தைத்தார்கள். பூக்களின் நடுவே தங்கள் பெயர்களையும் தைத்து வைத்தார்கள். அந்தப் போர்வை இன்று லண்டன் நகரத்துப் போர்க் காட்சிசாலையில் இருக்கிறது.

நம் போர்வைக்கு வருவோம். புடவைகளை வெட்ட வேண்டிய நாளில் கை நடுங்கியது உண்மை. அத்தைதான் கத்தரியை வாங்கி, தாயார் அதிகமாக உடுத்திய அரக்குச் சேலையின் முந்தானையில் முதல் துண்டை வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு பூவின் நடுவிலும் அந்த அரக்கு நிறமே அமைய வேண்டுமென்றும் கட்டளையிட்டார். இன்று 412 துண்டுகள் இணைந்திருக்கின்றன. குழந்தையோ முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. தவழத் தொடங்குமுன் முடித்துவிடலாமென்று நம்புகிறோம். தொடங்க விரும்பும் சகோதரிகளும் சகோதரர்களும் கத்தரியை எடுக்குமுன் தகட்டு அச்சு ஒன்றைச் செய்துகொள்ளட்டும். மற்றவற்றை வீட்டு வாசலில் கோலமிடுகிறவர்களே சொல்லித் தருவார்கள்.