கொக்கோடா காட்டுப் பயணம்: எந்த மாதம் உடலுக்கு உகந்தது?

அவுஸ்திரேலியாவில் வளரும் எமது பிள்ளைகள் பலர் கொக்கோடா பாதையைப் பற்றிப் பாடசாலையிலேயே படித்துவிடுகிறார்கள். 1942இல் அவுஸ்திரேலியப் படையினரும் யப்பானியப் படையினரும் மோதிக்கொண்ட பப்புவா நியூகினியின் மலைக்காட்டுப் பாதை அது. ஏறத்தாழ 96 கிலோமீற்றர் நீளம். பெரும்பாலானோர் எட்டு முதல் பத்து நாட்களில் நடந்து முடிப்பார்கள். ஆகக்கூடிய உயரம் சுமார் 2190 மீற்றர். "டொக்டர், எப்ப போனால் நல்லது?" என்று கேட்பவர்களுக்காக இம்முறை எழுதுகிறோம்.

மழைக்காலமும் பாடசாலை விடுமுறையும்

அங்கே டிசெம்பர் முதல் மார்ச் வரை கடும் மழை. மே முதல் ஒக்ரோபர் வரை மழை குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம். மலைக்காட்டில் எந்த மாதத்திலும் பிற்பகலில் மழை கொட்டலாம்.

எமது நீண்ட பாடசாலை விடுமுறையோ டிசெம்பர், ஜனவரியில் வருகிறது. லீவு கிடைக்கிறது என்பதற்காக அந்த மாதங்களைத் தெரிவு செய்யாதீர்கள். ஜூன்–ஜூலை விடுமுறையும் செப்ரெம்பர்–ஒக்ரோபர் விடுமுறையும் பொருத்தமானவை. ஏப்ரல் 25 அன்சாக் தினத்தை ஒட்டிப் பலர் போவதுண்டு. அப்போது பாதை இன்னும் சேறாக இருக்கக்கூடும், கூட்டமும் அதிகம்.

மழை என்றால் நனைவது மட்டும்தானே என்று எண்ணக்கூடாது. ஆறுகள் பெருகும், மரப்பாலங்கள் அள்ளுண்டு போகும், வழுக்கி விழுந்து எலும்பு முறியும். நாட்கணக்கில் ஈரச் சப்பாத்துக்குள் ஊறிய பாதத்தோல் வெடித்து, கிருமி தொற்றும். வெள்ளநீர் மூலம் எலிக்காய்ச்சல் பரவும். எல்லாவற்றிலும் முக்கியமானது, நோயாளியை வெளியே கொண்டுவர அனேகமாக ஹெலிகொப்ரர்தான் வழி. மலையை முகில் மூடினால் அது வந்து இறங்க முடியாது.

குளிரிலிருந்து வெக்கைக்கு

நல்ல பருவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஜூலையில் மெல்பேர்ணில் நடுங்கிக்கொண்டிருக்கும் உடல், மறுநாளே வெக்கையும் ஈரப்பதனும் நிறைந்த காட்டில் மலை ஏறுகிறது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. எனவே முதல் இரண்டு மூன்று நாட்கள் மெதுவாக நடவுங்கள். வியர்வையுடன் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரலாம். தாகத்துக்குக் குடியுங்கள், சாப்பாட்டில் உப்பு இருக்கட்டும். இரவில் மேட்டு முகாம்களில் குளிரும். உலர்ந்த உடுப்பு ஒரு சோடியைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி வையுங்கள்.

மலேரியாவுக்குப் பருவம் இல்லை

வன்னியிலும் கிழக்கிலும் மலேரியாவுடன் வளர்ந்தவர்கள் நாங்கள். "எங்களுக்கு ஊரிலேயே வந்து போனது, இனி ஒன்றும் செய்யாது" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. அந்த ஓரளவு எதிர்ப்புச் சக்தி, நோய் இல்லாத நாட்டில் வாழும்போது குறைந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது அறவே இல்லை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. பப்புவா நியூகினியில் ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு, உயிரைக் குடிக்கும் பல்சிபாரம் வகை உட்பட.

தடுப்புக் குளிசையை வைத்தியரிடம் கேட்டே எடுங்கள். மலரோன் எனப்படும் குளிசையை, திரும்பிய பின்னும் ஏழு நாட்களுக்கு எடுக்க வேண்டும். டொக்ஸிசைக்கிளினை நான்கு வாரங்களுக்கு. வீட்டுக்கு வந்தவுடன் நிறுத்தக்கூடாது. நுளம்புவலை, நீண்ட கை உடுப்பு, நுளம்பு விரட்டி ஆகியனவும் தேவை.

போகுமுன்

• ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைச் சந்தியுங்கள். தைபோயிட், ஹெபரைற்றிஸ் ஏ, ஏற்பு வலி போன்றவற்றுக்கான தடுப்பூசிகளைச் சரிபார்க்கலாம்.
• எம்மவரிடையே நீரிழிவும் மாரடைப்பும் இளவயதிலேயே வருகின்றன. நாற்பது தாண்டியவர்கள் இருதயப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.
• நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களைக் காட்டுங்கள். இன்சுலினை வெக்கையில் எப்படிப் பாதுகாப்பது என்றும் கேளுங்கள். சிறுநீரைப் போக்கும் பிறெஷர் குளிசை எடுப்பவர்களுக்கு நீரிழப்பு விரைவில் வரும்.
• ஹெலிகொப்ரர் மீட்புச் செலவையும் ஏற்கும் காப்புறுதி எடுங்கள். அரசின் பயண அறிவுறுத்தலையும் பாருங்கள்.

திரும்பி வந்தபின்

ஜூலை, ஓகஸ்ட் இங்கே புளூக் காய்ச்சல் காலம். காட்டிலிருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால், புளூ என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போய், பப்புவா நியூகினி போய் வந்ததை முதலில் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் வைவாக்ஸ் வகை, குளிசையை ஒழுங்காக எடுத்தவரிடமும் மாதங்கள் கழித்து வெளிப்படலாம். எனவே ஓராண்டு வரை, எந்தக் காய்ச்சல் வந்தாலும் இந்தப் பயணத்தைச் சொல்ல மறவாதீர்கள்.