ஞெலிகோல்

பாஸ்கா திருவிழிப்பு இரவில் இருளில் நின்று புதுத்தீ மூட்டுகிறோம். இன்று தீக்குச்சி ஒரே உரசலில் பற்றிக்கொள்கிறது. நம் முன்னோரோ ஒரு மரக்கோலை இன்னொரு கட்டையில் வைத்துக் கை சலிக்கக் கடைந்தே தீயை எடுத்தார்கள். அப்படிக் கடைவதற்குச் சங்கத் தமிழில் 'ஞெலிதல்' என்று பெயர். கடையும் கோல் 'ஞெலிகோல்'.

புறநானூறு 315ஆம் பாடலில் ஔவையார், அதியமானை வீட்டுக் கூரையில் செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். பார்த்தால் வெறும் குச்சி; கடைந்தால் பெருந்தீ.

புனித பவுலும், திமொத்தேயு ஏற்கெனவே பெற்ற அருள்கொடையை மீண்டும் கனன்றெழச் செய்யும்படி எழுதுகிறார் (2 திமொ 1:6).

திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் குடும்பங்களில், கோவில் வாசலை மிதிக்காத மகன் உண்டு. பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பி உண்டு. 'அவனிடம் இனி ஒன்றுமில்லை' என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம். திருமுழுக்கில் பெற்ற அருள் அவருக்குள் இன்னும் இருக்கிறது. தீ கடைய இரண்டு கட்டைகள் வேண்டும், ஓயாத கையும் வேண்டும். இந்த வாரம் அவர் வீட்டுக் கதவை நாமே போய்த் தட்டுவோம். முதல்முறை முகம் கொடுக்காவிட்டாலும் மறுபடியும் போவோம். ஆமென்.