கேபிள் போச்சு, ஸ்ட்ரீமிங் வந்தாச்சு: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

2016 செப்டம்பர் 5. அந்த ஒரே நாளில் இரண்டு விஷயங்கள் நடந்தன. விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குத் தமிழகத்துக்குக் காவிரி நீரைத் திறக்கும்படி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. அதே நாளில் ஜியோ தன் 4ஜி சேவையைத் தொடங்கி, டிசம்பர் கடைசி வரை டேட்டா இலவசம் என்றது. இரண்டும் ஒரே தேதி என்பது தெரியுமா? முதல் செய்தியைத் தொடர்ந்த பதற்றத்தில் பெங்களூரு கேபிளில் தமிழ் சேனல்கள் நின்றன. இரண்டாவது செய்தி, எந்தக் கேபிள் அறையில் யார் எந்த சுவிட்சை அணைத்தாலும் தமிழ் பார்க்கலாம் என்ற காலத்தைத் திறந்துவைத்தது!

இந்தத் தேதியின் அருமை ஒக்கலிபுரத்துக்காரர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டி, ஸ்ரீராமபுரத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்து ஓரமாக நெருக்கமான வீடுகள் கொண்ட பகுதி அது. மில் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்! 1981 நவம்பர் 1-ல் பெங்களூரு தூர்தர்ஷன் தொடங்கியது. அது கன்னடத்துக்கான நிலையம். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி பிறந்து கேபிளில் ஏறிய பிறகுதான் இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு தமிழ்க் குரல் கேட்டது. அதனால் 2012-லும் 2016-லும் காவிரிக் கொந்தளிப்பில் அந்தக் குரல் நின்றபோது வலித்தது. கேபிள்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய கடையும் கம்பியும் நடுத்தெருவில் இருக்கின்றன; பயப்படத்தானே செய்வார்?

சரி, அந்தக் கேபிள் தொழிலை இந்தியத் தெருக்களில் கிளப்பிவிட்டது எது? ஹாங்காங்கிலிருந்து 1991-ல் வந்த ஸ்டார் டிவி. அதைச் சுமந்து வந்த ஏசியாசாட்-1 செயற்கைக்கோளின் முன்கதை தெரியுமா? அது விண்வெளியில் தொலைந்துபோய், மனிதர்கள் கையால் பிடித்து மீட்டு வந்த செயற்கைக்கோள்! 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெஸ்டார்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. அதன் மோட்டார் சரியாக எரியவில்லை. தவறான பாதையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி ஓடத்தில் போன ஜோசப் ஆலனும் டேல் கார்ட்னரும் அந்தரத்தில் மிதந்தபடி அதைப் பிடித்து, ஓடத்துக்குள் ஏற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து, விற்று, பெயர் மாற்றி, 1990 ஏப்ரல் 7-ல் சீன ராக்கெட்டில் மறுபடி மேலே அனுப்பினார்கள். ஜீ டிவி 1992 அக்டோபரில் தொடங்கியதும் அதே செயற்கைக்கோளில்தான்!

கேபிள் வருவதற்கு முன்பே கர்நாடகக் கிராமங்கள் வானத்திலிருந்து நேரடியாகப் படம் பார்த்துவிட்டன. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு நடந்த சைட் என்ற செயற்கைக்கோள் டிவி சோதனையில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சிகள் போயின. ஆறில் ஒன்று கர்நாடகம். அப்போது இந்தியாவுக்கு வெளியே ஒரு மொட்டை மாடியிலும் இஸ்ரோ ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தது. யார் வீடு தெரியுமா? கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் வீடு! நிலைத்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோளை நிறுத்தி உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவர் அவர்.

அந்தச் சுற்றுப்பாதை நமக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள்களை இடம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும் இஸ்ரோவின் தலைமைக் கட்டுப்பாட்டு நிலையம் எங்கே? பெங்களூருவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஹாசனில், 1982 முதல்!

மழை கொட்டும்போது மாடியில் வைத்த டிடிஎச் டிஷ்ஷில் படம் நின்றுவிடும். அதே நேரத்தில் கேபிள்காரர் வீட்டு மாடியின் பெரிய டிஷ் அசையாமல் வேலை செய்யும். ஏன் தெரியுமா? கேபிள்காரரின் டிஷ் பிடிக்கும் சி-பேண்ட் அலையின் நீளம் சுமார் ஏழரை சென்டிமீட்டர். மழைத்துளி அதை அதிகம் தொந்தரவு செய்யாது. டிடிஎச் பிடிக்கும் கேயூ-பேண்ட் அலை இரண்டரை சென்டிமீட்டர்தான். கனமழை அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். ஆனால் அந்தப் பெரிய டிஷ்ஷுக்கும் ஒரு எதிரி உண்டு. மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள் சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நிமிடங்களுக்குச் சூரியனின் இரைச்சலில் சேனலே அமுங்கிப்போகும்!

பெங்களூருவில் 2013 மார்ச் 31-க்குள் எல்லா வீடுகளுக்கும் செட்டாப் பாக்ஸ் என்று அரசு கெடு வைத்தது. 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதுக் கட்டண முறை கொண்டுவந்தது: நூறு சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல் வேண்டுமென்றால் அதற்குத் தனி. ஒவ்வொரு சேனலாகக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்த குடும்பங்களில் பல, அன்றைக்குத்தான் முதல்முறையாக, "இவ்வளவு கட்டுகிறோமே, இதில் எதைப் பார்க்கிறோம்?" என்று கேட்டுக்கொண்டன. அதற்குள் டேட்டா விலை தரைமட்டம்! ஜியோவுக்கு முன்பு 1 ஜிபி சுமார் 250 ரூபாய். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் நெட்ஃபிளிக்ஸ் பார்த்தால் 3 ஜிபி வரை போகும். அதாவது ஒரு மணி நேரப் படத்துக்கு 750 ரூபாய் ஆகியிருக்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இப்போது இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கேபிளை விட்டுவிட்டோம் என்கிறோம். ஆனால் கம்பி எங்கேயும் போகவில்லை! அதே கம்பம், அதே மாடிச் சுவர், அதே ஜன்னல் ஓட்டை வழியாக இன்னொரு கம்பி உள்ளே வந்திருக்கிறது. செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி.

உங்கள் வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபர் அறுந்திருக்கலாம் என்று அர்த்தம். சரி செய்ய வரும் தம்பியின் கையை ஒரு தடவை கூர்ந்து பாருங்கள். மேல் உறையை உரிக்கிறார். உள்ளே வெள்ளை நூல், அதற்குள் வண்ணப் பூச்சு, அதையும் சுரண்டினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு இழை. ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைக்கிறார். ஒரு சின்ன வெட்டியில் வைத்து 'டக்'கென்று நறுக்குகிறார். முனை சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிராக வைத்து மூடுகிறார். சின்னத் திரையில் இரண்டு கண்ணாடித் தூண்கள் நெருங்கி வருவது தெரியும். ஒரு மின்பொறி! கண்ணாடி உருகி ஒன்றாகிவிட்டது. அந்த இழையின் தடிமன் 125 மைக்ரான். அதற்குள் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான்; ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! அந்த இரண்டு 9 மைக்ரான்களையும் ஒக்கலிபுரத்துச் சந்தில் ஏணி மேல் நின்றுகொண்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது, ஒரு தம்பி நேருக்கு நேர் சேர்க்கிறார். இதை அதிசயம் என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

இன்னொன்றும் கேளுங்கள். தெருமுனைப் பெட்டியில் ஒரே இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறார்கள். அந்த ஒரே இழையில், கண்ணுக்குத் தெரியாத வெவ்வேறு நிறங்களில் வெளிச்சம் ஓடுகிறது. 1490 நானோமீட்டர் ஒளி உங்கள் வீட்டை நோக்கி வருகிறது. 1310 நானோமீட்டர் ஒளி உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறது. மூன்றாவதாக 1550 நானோமீட்டரில் பழைய கேபிள் டிவியையும் அதே இழையில் அனுப்ப முடியும், சில ஊர்களில் அனுப்புகிறார்கள்! ஒரு நிறம் இன்னொன்றோடு முட்டிக்கொள்வதே இல்லை.

இதில் புரட்சி எது தெரியுமா? அந்த 1310தான். பழைய கேபிளில் எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் எப்போதும் வந்துகொண்டே இருந்தன. பாக்ஸ் அதில் ஒன்றைப் பொறுக்கிக் காட்டியது. வீட்டிலிருந்து கேபிள் அறைக்கு ஒரு வார்த்தை போக வழியில்லை. ஸ்ட்ரீமிங்கில் நீங்கள் கேட்டது மட்டும்தான் வருகிறது. கேட்பதற்கே ஒரு பாதை இருக்கிறது!

கேட்ட படம் அமெரிக்காவிலிருந்தா ஓடி வருகிறது? பெரும்பாலும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2012 முதல் தன் படங்கள் நிறைந்த பெட்டிகளை உலகெங்கும் இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்து வருகிறது. கூட்டம் குறைந்த நேரத்தில் புதுப் படங்களை அதில் நிரப்பிவிடுவார்கள். நீங்கள் இரவு எட்டு மணிக்குப் பார்க்கும் படம் உங்கள் ஊர்ப் பெட்டியிலிருந்தே வரக்கூடும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை கடலடிக் கேபிளில் வருகின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ-டு-ஐ கேபிள் 2002-ல் வேலைக்கு வந்தது. நீளம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்!

கிரிக்கெட் நாளில் மட்டும் பழைய கேபிள் இன்னும் ஜெயிக்கிறது. ஸ்ட்ரீமிங் வீட்டில் பவுலர் ஓடி வந்துகொண்டிருப்பார், கேபிள் வீட்டிலிருந்து "அவுட்!" என்ற கூச்சல் கேட்டுவிடும். செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப அலைக்குக் கால் நொடிதான் ஆகும். ஸ்ட்ரீமிங்கோ வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாரித்து அனுப்புகிறது. நெட் தடுமாறினாலும் படம் நிற்காமலிருக்க, உங்கள் டிவி சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. தாமதம் அங்கேதான். 2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் என்ன ஆனது தெரியுமா? மனம் உடைந்த கூட்டம் ஒரேயடியாக வெளியேற, அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் முகப்புப் பக்கத்தைக் காட்ட வேண்டிய சுமை விழுந்தது! 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அந்த எண்ணிக்கை 5.9 கோடி.

சினிமாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்சில் ஆயிரம் ரூபாய்க்கு வீட்டுக்கே கொண்டுவர கமல்ஹாசன் முயன்றார். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. ஏழே ஆண்டில், 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. நவம்பரில் 'சூரரைப் போற்று'. பெங்களூருவிலிருந்து ஏர் டெக்கானை நடத்திய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிய கதை, தேசிய விருது வாங்கிய படம். பெங்களூருத் தமிழர்கள் அதை முதல் நாளே தங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்தார்கள்!

இத்தனை அதிசயத்துக்கு நடுவே ஒரு கணக்கு என்னை உலுக்குகிறது. அகில இந்திய டிஜிட்டல் கேபிள் கூட்டமைப்பும் ஈஒய் நிறுவனமும் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, பணம் கட்டி டிவி பார்த்த வீடுகள் 2018-ல் 15.1 கோடி, 2024-ல் 11.1 கோடி. ஆறு ஆண்டில் நாலு கோடி வீடுகள்! அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மாதா மாதம் வசூலுக்கு வந்தவர், மழையில் ஏணி போட்டு ஏறியவர், தீபாவளி அன்று படம் தெரியவில்லை என்றால் ஓடி வந்தவர் என்று யாரோ இருந்தார். அந்த அறிக்கைக்காக விசாரித்த 28,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் ஆபரேட்டர்களிடம் வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நம் வசதிக்கு இன்னொருவர் வேலை விலையாவது எனக்குச் சம்மதமில்லை. அதற்கு வழியும் இருக்கிறது. பெங்களூருவின் ஏசிடி நிறுவனமே 2000-ல் கேபிள் தொழிலில் தொடங்கி ஃபைபருக்கு மாறியதுதான். தெரு அளவிலும் அதே மாற்றம் பல இடங்களில் நடக்கிறது.

ஆகவே மாறுவதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். உங்கள் தெருக் கேபிள்காரர் ஃபைபர் தருகிறாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். தந்தால் அவரிடமே வாங்குங்கள். அவருக்குத் தொழில் நிலைக்கும், சிவப்பு விளக்கு எரிந்தால் உங்களுக்குக் கூப்பிட ஆள் இருக்கும். செட்டாப் பாக்ஸுக்கு டெபாசிட் கட்டியிருந்தால் ரசீதோடு கேட்டு வாங்குங்கள். எல்லா ஆப்பையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரு மாதம் ஒன்று, பார்த்து முடித்ததும் நிறுத்தி அடுத்தது. தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ-பேயை முதல் நாளே அணைத்துவிடுங்கள். தூர்தர்ஷன் சேனல்களுக்குப் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப் இருக்கிறது. வீட்டில் ரிமோட்டில் நம்பர் அழுத்தியே பழகிய பெரியவர் இருந்தால், புது ரிமோட்டில் தமிழில் பேசித் தேடும் பட்டனை அவர் கையாலேயே அழுத்திப் பழக்கிவிடுங்கள். அதுவரை பழைய இணைப்பை வெட்ட வேண்டாம்.