டயரின் பூவும் அதன் வயதும்

பார்வைக்குப் புதிதாகத் தெரியும் டயர் கிழடாக இருக்க முடியுமா? முடியும் என்பதை 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் என் குடும்பம் நெடுஞ்சாலையில் கற்றுக்கொண்டது. நம் கழகத்தின் இளையோருக்கு அந்தப் பாடம் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பட்டம் பெற்றபின் வேலை நிமித்தம் இங்கிலாந்துக்கு வந்தவள் நான். ஈப்போவிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள் என்றதும் நானும் கணவரும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். படுக்கை, அடுப்பு, கழிவறை என ஒரு சிறு வீடே சக்கரத்தின்மேல் நிற்கும் வண்டி அது. "அதிகம் ஓடாத வண்டி" என்றார் விற்றவர். அது உண்மைதான். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டிய அப்பாவும் டயரின் பள்ளங்களில் விரல்விட்டுப் பார்த்து, "பூ நல்லாத்தான் இருக்கு" என்றார். மலாய்மொழியில் அந்தப் பள்ளங்களைப் பூ என்றுதானே சொல்கிறோம்!

மூன்றாம் நாள், கார்ன்வால் செல்லும் வழியில், எம்5 நெடுஞ்சாலையில் பின்பக்க இடது டயர் வெடித்தது. கணவர் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகம் தானாகத் தணியவிட்டு ஓரம் கட்டினார். கிழிந்து சுழன்ற ரப்பர், அம்மாவின் இருக்கைக்குக் கீழே தரையையே பிளந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அம்மா அன்று இரவுவரை பேசவில்லை.

நான்கு இலக்கங்கள்

உதவிக்கு வந்த டயர்க்காரர் மற்றொரு டயரின் பக்கச்சுவரில் விளக்கடித்துக் காட்டினார். 'டாட்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் இறுதியில் 2206 என்றிருந்தது. 2006ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பன்னிரண்டு வயது! 2000ஆம் ஆண்டு முதல் இந்த நான்கு இலக்க முறை உள்ளது. சில டயர்களில் இது உட்பக்கம் மட்டுமே இருக்கும். குனிந்துதான் பார்க்க வேண்டும்.

நிற்கும் வண்டியின் நோய்

ஓடினால்தானே டயர் தேயும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ரப்பரை வெயிலும் ஓசோனும் உயிர்வளியும் ஓயாமல் தாக்குகின்றன. அதைத் தடுக்க ரப்பரில் ஒருவகை மெழுகு கலக்கப்படுகிறது. டயர் உருண்டு வளையும்போதுதான் அந்த மெழுகு மேற்பரப்புக்கு நன்கு வந்து காக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு அந்தக் காப்பு குறைகிறது. பூ தேய்வதற்குள் ரப்பர் இறுகி, நுண்வெடிப்பு விழுந்து, உள்ளடுக்குகளின் பிடிப்பும் தளர்கிறது.

ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்ட வேண்டும், பத்தாண்டுக்குமேல் எந்நிலையிலும் ஓட்டக்கூடாது என்பது மிசலின் நிறுவனத்தின் அறிவுரை. கேரவன்களுக்கு ஐந்தாண்டிலேயே மாற்றுவது நல்லது, ஏழைத் தாண்டவே வேண்டாம் என்கிறார்கள் பிரிட்டிஷ் கேரவன் அமைப்பினர்.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சரே வட்டாரத்தில், இசைவிழா முடிந்து இளைஞர்கள் திரும்பிய பேருந்தின் முன்டயர் வெடித்து மூவர் மாண்டனர். டயருக்கு வயது 19. இறந்தவர்களுள் ஒருவருக்கு வயது 18! அன்றைய சட்டத்தில் டயரின் வயதுக்கு வரம்பே இல்லை. மகனை இழந்த தாய் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன்அச்சிலும், மினிபஸ்களின் ஒற்றைச் சக்கரங்களிலும் பத்தாண்டு கடந்த டயர்கள் தடை செய்யப்பட்டன. எங்களுடையதைப் போன்ற தனியார் மோட்டார்ஹோமுக்கு அந்தத் தடை பொருந்தாது. அங்கே காவல் நாமேதான்.

எடையும் காற்றும்

மயிலிறகையும் வண்டி அச்சையும் வைத்து வள்ளுவர் சொன்ன கணக்கைப் பள்ளியில் மனனம் செய்தோமல்லவா? எங்கள் வண்டியின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே நூறு கிலோ ஏறிவிடும். பயணச் சுமையோடு எடைமேடையில் ஒவ்வோர் அச்சையும் நிறுத்து, அதற்கேற்ற காற்றழுத்தம் வைக்க வேண்டும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக வளையும், வளைந்தால் சூடேறும், சூடேறினால் அடுக்குகள் பிரியும். காற்றை, வண்டி ஓடுவதற்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக்கூடாது.

நமக்கு என்ன?

'நம்மிடம் மோட்டார்ஹோம் ஏது?' என்று நீங்கள் கேட்கலாம். மூத்த மாணவரிடம் மலிவாக வாங்கி, விடுமுறை முழுதும் விடுதி வாசலில் வெயிலில் நிறுத்தி, தீபாவளிக்கு மட்டும் நால்வரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஓட்டுகிறோமே, அந்த மகிழுந்துக்கும் இதே நோய்தான். உபரி டயருக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஈப்போ திரும்பிய இரவே அப்பா தொலைபேசியில் அழைத்தார். "பாப்பா, நம்ம கன்சில்ல ரெண்டு டயரு 2007. நாளைக்கே மாத்திடறேன்." பூவை மட்டுமே பார்த்துப் பழகிய அந்தக் கண்கள் இப்போது எண்ணையும் பார்க்கின்றன. நீங்களும் இன்று மாலை ஒருமுறை குனிந்து பாருங்கள்.