கோவெலைற்று: கருநீலச் செப்புக் கனிப்பொருள்

செம்பின் கனிப்பொருள்களுள் கருநீல நிறத்தாற் சிறப்புறுவது கோவெலைற்று ஆகும். வெசூவியசு எரிமலையில் இதனைக் கண்டறிந்த இத்தாலியர் நிக்கொலா கோவெல்லியின் பெயரால், பிரெஞ்சு அறிஞர் பியூடான் 1832 இல் இதற்குப் பெயரிட்டார். செம்பும் கந்தகமும் சேர்ந்த இச்சல்பைட்டு நகத்தாற் கீறத்தக்க மென்மையுடையது. மெல்லிய தகடுகளாகப் பிளவுறும். நீரில் நனைப்பின் ஊதா நிறங் காட்டும்.

எரிமலை ஆவியிலிருந்து இது படிதல் அரிது. பெரும்பாலும் இதனை ஆக்குவது மழைநீரே. மேனிலத்துச் செப்புத் தாதுக்களை ஒட்சிசன் கலந்த நீர் கரைத்துக் கீழே கொண்டு செல்லும். நிலநீர் மட்டத்தின் கீழ், ஒட்சிசன் குன்றிய இடத்தில், அச்செம்பு அங்குள்ள கல்கோபைரைற்றின் இரும்பை நீக்கி அதனிடத்தைக் கொள்ளும். கல்கோபைரைற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பங்கும், கோவெலைற்றில் 66 பங்கும் செம்பு உண்டு. இவ்வாறு மேலே இழந்தது கீழே செறிதலால், வறிய தாதும் அகழ்தற்குரிய செல்வமாகின்றது.